துரையின் கத்தியும் தொழிலாளியின் உளியும்

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மேசைகள் நன்றாகத் தெரியும். ஓடாத கடிகாரம், செல்லாத நாணயம், மண்ணெண்ணெய் விளக்கு, இசைத்தட்டு என்று பரப்பியிருக்கும் பொருள்களுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதற்குள் நாலைந்து மடக்குக் கத்திகள். மான் கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்தி ஒன்று அகப்பட்டிருந்தால் வியாபாரி அதை எல்லாருக்கும் எடுத்துக் காட்டமாட்டார். வாங்குகிற முகம் என்று தெரிந்தால்தான் பெட்டி திறக்கும். வந்தவர் கத்தியை மெல்ல விரிப்பார், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பார், பிடியை ஒட்டிய இடத்தில் பொடி எழுத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பார். ‘ஷெஃபீல்டு’ என்று இருந்தால் ஒரு விலை, எழுத்தே இல்லையென்றால் வேறு விலை.

அதே மேசைக்குக் கீழே சில வேளைகளில் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் இருக்கும். பூட்டு, சாவி, ஆணி, தாழ்ப்பாள் ஆகியவற்றோடு துருவேறிய பால்வெட்டுக் கத்திகள் இரண்டோ மூன்றோ அதில் கிடக்கும். அதற்கு யாரும் பூதக்கண்ணாடி எடுப்பதில்லை.

பேராக் மாநிலத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது டின்னில் கிடக்கும் அந்தக் கத்திதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை அடையாளம் சொல்லத் தடித்தடியாகப் புத்தகங்கள் உண்டு. டின்னில் கிடப்பதை அடையாளம் சொல்ல மிஞ்சியிருப்பவை தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களின் நினைவும் கைப்பழக்கமும்தான். அவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தைப் படிக்கும் வித்தை

பழைய கத்தி சேர்ப்பவர்களின் கலையை முதலில் பார்த்துவிடுவோம். அது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடியதன்று. ஒரு கத்தியில் உள்ள ஐந்தாறு எழுத்தை வைத்து அது பிறந்த ஊரையும் ஏறக்குறைய பிறந்த காலத்தையும் சொல்லிவிட முடியும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக் கொல்லர்களுக்கு 1624ஆம் ஆண்டிலிருந்தே சங்கம் உண்டு. யார் எந்த முத்திரையைக் குத்தலாம் என்பதை அந்தச் சங்கம் பதிவு செய்து வைத்தது. அங்கே புகழ்பெற்ற ஜோசப் ரோட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும். அரண்மனைக்குக் கத்தி செய்து கொடுத்தவர்கள் என்பதால் அரசரின் பெயர் எழுத்துகளையும் சேர்த்துப் பொறித்தார்கள். ‘வி.ஆர்.’ என்றிருந்தால் விக்டோரியா மகாராணி காலம், அதாவது 1901க்கு முன். ‘ஜி.ஆர்.’ என்றிருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம். ஆனால் எந்த ஜார்ஜ்? இங்கேதான் புதிதாகச் சேர்க்க வருகிறவர் ஏமாந்து போவார். 1820களில் ஒரு ஜார்ஜ் இருந்தார். 1910க்குப் பிறகும் இருவர் இருந்தார்கள். நடுவில் ஏறக்குறைய எண்பது ஆண்டு இடைவெளி! விலையும் அதற்கேற்ப மாறும். எழுத்தோடு பிடியையும் ஆணியையும் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். ஷெஃபீல்டின் இன்னொரு பெரிய பெயர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். அவர்களுடைய ‘ஐ எக்ஸ் எல்’ முத்திரை அமெரிக்காவரை போய்ப் பேர் வாங்கியது.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துச் சரக்கு அடுத்த இடத்தில் வரும். ஹென்கெல்ஸின் இரட்டையர் உருவமும் போக்கரின் மரச் சின்னமும் எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் கண்டுபிடித்துவிடக்கூடிய முத்திரைகள். ‘ஜெர்மனி’ என்ற சொல் இருப்பதும் இல்லாததும்கூடக் காலத்தைக் காட்டும். பிரிட்டன் 1887இலும், அமெரிக்கா 1890இலும் இறக்குமதிச் சரக்கின் மீது அது எந்த நாட்டில் ஆனது என்று பொறிக்கச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தன. அதனால் நாட்டின் பெயர் உள்ள கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் இருந்தால் இன்னும் எளிது. துருப்பிடிக்காத அந்த எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல்தான். ஆகவே ‘விக்டோரியா காலத்துக் கத்தி’ என்று விற்கப்படும் ஒன்றில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்றிருந்தால் பேரம் பேசாமல் நடையைக் கட்டலாம்.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது. மடக்கினால் ‘டக்’ என்று ஸ்பிரிங் அடிக்கவேண்டும். மடக்கிய நிலையில் கத்தியின் நுனி பிடிக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். ஆழத்தில் நிற்காமல் மேலேறி நின்றால் பலமுறை தீட்டித் தேய்ந்த கத்தி என்று பொருள். பிடியில் உள்ள ஆணிகளில் ஒன்று மட்டும் பளபளத்தால் யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். உலோகம் முழுவதும் கண்ணாடி போல மின்னினால் அதுவும் நல்லதல்ல. காலம் ஏற்றிய கருமையை மணல்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் சேர்ப்பவர்களிடம் அதன் மதிப்புப் பாதியாகிவிடும். எலுமிச்சம்பழமும் புளியும் வைத்துத் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கம் செம்புக் குத்துவிளக்குக்குச் சரி, பழைய கத்திக்கு ஆகாது. பொடி எழுத்துகள் அதோடு போய்விடும்.

இதில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. ஷெஃபீல்டும் சோலிங்கனும் வேட்டைக் கத்திகளுக்குப் போட்ட கொம்புப் பிடியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போன கடமான் கொம்பு. இந்தியக் காட்டில் மான் உதிர்த்த கொம்பு, இங்கிலாந்தில் பிடியாகி, மலாயாத் துரையின் இடுப்பில் தொங்கியது. இன்று தீபகற்ப மலேசியாவில் கடமான் வேட்டைக்கு 2009ஆம் ஆண்டிலிருந்தே தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

பேராக்கிற்கு வந்த வழி

இந்தக் கத்திகள் ஈப்போவுக்கு எப்படி வந்தன? ஒரு வழி, தோட்டத் துரைமார். ஸ்காட்லாந்திலிருந்து 1890இல் இருபது வயதில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி சுமித் பத்துகாஜா பக்கம் காட்டை அழித்து ரப்பர் நட்டார். 1915இல் அவர் கட்டத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் அரைகுறையாக நின்றுவிட்டது. கெல்லி மாளிகை என்று சுற்றுலாப் பயணிகள் இன்றும் போய்ப் படம் எடுக்கும் இடம் அதுதான். அதைக் கட்டியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு உண்டு. பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலின் மேல் சுமித்துக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அவரைப் போல் வந்தவர்கள் துப்பாக்கியும் கத்தியும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். திரும்பிப் போகும்போது எல்லாவற்றையும் கொண்டு போகவில்லை. சமையற்காரருக்கும் காரோட்டிக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்துவிட்டுப் போனவை உண்டு, மறந்துவிட்டுப் போனவையும் உண்டு.

இன்னொரு வழி, பட்டாளம். 1941 டிசம்பர் கடைசியில் கம்பாரில் ஜப்பானியப் படையைப் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் நான்கு நாள் தடுத்து நிறுத்தின. அதற்குப் பிறகு 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. 1960 வரை அது நீடித்தது. பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பேராக் காடுகளில் திரிந்த காலம் அது. சிப்பாய்க்குக் கொடுத்த மடக்குக் கத்தியில் ஒரு வெட்டும் அலகு, ஒரு டின் திறப்பான், கயிற்று முடிச்சைப் பிரிக்க ஒரு கூர் ஊசி இருக்கும். அதன்மேல் அகன்ற அம்புக்குறி பொறித்திருந்தால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. இரண்டு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே அம்பு இருந்தால் ஆஸ்திரேலியாவுடையது. பெரும்பாலும் ஆண்டும் பக்கத்திலேயே இருக்கும். சேர்ப்பவருக்கு இதைவிட எளிய பாடம் கிடையாது.

கத்திக்கு எழுத்து ஒன்றுதான் அடையாளம் என்றும் சொல்லிவிட முடியாது. மலாய்க்காரர்களின் கிரிஸ், பாடிக், தும்போக் லாடா, கோலோக் ஆகியவற்றில் செய்தவர் பெயர் பொறிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆனாலும் அலகின் வளைவையும் பிடியின் செதுக்கலையும் உறையின் மரத்தையும் பார்த்து, இது பேராக்குடையது, இது பட்டாணியுடையது, இது பூகிஸ்காரருடையது என்று சொல்லிவிடுவார்கள். கோலகங்சார் பக்கம் கிரிஸ் செய்யும் பட்டறைகள் இருந்து வருவதும், 1883இல் தொடங்கிய தைப்பிங் அரும்பொருளகம் அப்படிப்பட்ட ஆயுதங்களைச் சேர்த்து வைத்ததும் அந்த அறிவைக் காப்பாற்றின. யாராவது ஒருவர் வடிவத்தைக் கவனித்து எழுதி வைத்தால், பெயர் பொறிக்காத கத்திக்கும் வரலாறு நிலைக்கும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

அப்படியானால் பால்வெட்டுக் கத்திக்கு மட்டும் ஏன் அது நடக்கவில்லை?

மரமும் கத்தியும்

1876இல் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

மரம் வந்துவிட்டது. பாலை எப்படி எடுப்பது? பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். அப்படிக் கொத்தினால் மரம் நாளடைவில் வீணாகிவிடும். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக 1888இல் வந்த ஹென்றி ரிட்லிதான் 1890களில் வேறு வழி கண்டார். முதல் நாள் வெட்டிய அதே கோட்டின் ஓரத்தை மறுமுறை மெல்லியதாகச் சீவினால் பால் கூடுதலாக வடிகிறது, மரமும் பிழைக்கிறது. கொத்துவது போய்ச் சீவுவது வந்தது அப்படித்தான். கோடரி போய்க் கத்தி வந்ததும் அதனால்தான். ரப்பர் நடச் சொல்லிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் விதையை நீட்டிய அந்த மனிதரைப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தவர்கள் பிறகு அவர் சொன்ன மரத்தால் கோடீசுவரர்கள் ஆனார்கள்.

சீவுவதற்கென்று தனிக் கத்தி எதுவும் முதலில் கிடையாது. குதிரைக் குளம்பு சீவும் கத்தியையும் தச்சர் உளியையும் வைத்துத்தான் தொடங்கினார்கள். 1900களின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த துரைமார் ஆளுக்கொரு கத்தி கண்டுபிடித்தார்கள். 1906இல் இலங்கையின் பேராதனையில் பெரிய ரப்பர் கண்காட்சியே நடந்தது. கோலெட்ஜ் கத்தி, போமன்–நார்த்வே கத்தி என்று அவரவர் பெயரும் கத்திக்கு ஒட்டிக்கொண்டது. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி–கோலெட்ஜ் என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. ஆக, பால்வெட்டுக் கத்திக்குப் பெயரே இல்லாமல் போகவில்லை. அதை வரைந்த துரையின் பெயர் இருக்கிறது. அதைப் பிடித்துத் தினமும் முந்நூறு நானூறு மரம் சீவிய கை யாருடையது என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை.

மலாயாவில் கடைசியில் நிலைத்தது ‘ஜெபோங்’ என்னும் கத்தி. அலகின் முனையில் இரண்டு பக்கமும் மடிந்து ஒரு கூரான மூலை இருக்கும். பட்டையில் வைத்துத் தன் பக்கமாக இழுத்துச் சீவவேண்டும். உயரத்தில் உள்ள பட்டையைக் கீழிருந்து மேல்நோக்கிச் சீவும்போது அது உதவாது. அதற்குத் தள்ளிச் சீவும் உளி வேண்டும். தோட்டப் பேச்சில் உளி, கத்தி என்ற இரண்டு சொல்லும் கலந்தே புழங்கியதால், தாத்தா ‘உளி’ என்று சொன்னது எதை என்று பேரப்பிள்ளைக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பம் இராது. கூர் உள்பக்கம் திரும்பி இழுவைக்கு இருந்தால் ஜெபோங், முன்பக்கம் திரும்பித் தள்ளுவதற்கு இருந்தால் உளி.

கத்தி செய்யும் வேலையின் நுணுக்கம் தெரியாதவர்களுக்குத்தான் அது சாதாரண இரும்பு. ரப்பர் மரத்தின் பால் நாளங்கள் பட்டையின் உள் அடுக்கில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே மரம் வளர்வதற்கு ஆதாரமான மெல்லிய தோல். கத்தி பால் நாளம்வரை போகவேண்டும், அந்தத் தோலைத் தொடக்கூடாது. நடுவே விடவேண்டிய பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் மரத்தில் காயம். காயம் ஆறும்போது பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் சீவ முடியாது. ஒவ்வொரு முறை சீவும்போதும் எடுக்கவேண்டிய பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. இதையெல்லாம் விடியுமுன்னே, நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிக்குள் செய்து முடித்து அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். பொழுது ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெட்டத் தொடங்கும் மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர். பாதிச் சுற்று வெட்டு என்றால் 25 சென்டிமீட்டர். நாளைக்கு 400 மரம் என்றால் நூறு மீட்டர் பட்டை. மழை நாளும் இலையுதிர் காலமும் போக ஆண்டில் 270 நாள் வெட்டினால் 27 கிலோமீட்டர். ஏறத்தாழ ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை உள்ள தூரம்! அவ்வளவு நீளத்தையும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சீவியவர்களைத்தான் ‘கைத்தொழில் தெரியாத கூலிகள்’ என்று அன்றைய பதிவேடுகள் எழுதி வைத்தன. அவர்களில் பெண்கள் ஏராளம்.

காயம் பட்ட மரத்தை மண்டோர் பார்த்துவிட்டால் பெரட்டில் பெயர் சொல்லித் திட்டு விழும், சம்பளத்திலும் பிடிப்பார்கள். அதனால்தான் சாயங்கால வேளைகளில் லயத்து வாசலில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டுக் கொண்டிருந்தது. தட்டைக் கல்லில் வெளிப்பக்கம், மெல்லிய கல்லால் மூலையின் உள்பக்கம். இதைப் பிள்ளைகள் தொடக்கூடாது, இன்னொருவர் இரவலும் கேட்கக்கூடாது. கை மாறினால் கூர் மாறிவிடும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை.

அவசரகாலத்தில் அந்தக் கத்திக்கு இன்னொரு கதையும் சேர்ந்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு விதித்த வட்டாரங்களில், வேலைக்குப் போகிறவர்களை முள்வேலி வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். கையில் கத்தியைக் கொண்டு போகலாம், சோற்றைக் கொண்டு போக முடியாது. விடிகாலையில் கிளம்பியவர்கள் வெட்டு முடிந்து பாலைக் கொண்டுவந்து ஊற்றித் திரும்பும்வரை வெறும் வயிற்றோடு இருந்த காலம் அது. கத்தி ஆயுதமாகாதா என்ற கேள்வி அங்கே எழவில்லை. கத்தி இல்லாவிட்டால் பால் ஏது?

காடு மாறியது

1950களின் கடைசியில் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே பங்குதாரராக்கித் தோட்டம் வாங்கியது இந்தத் துண்டாடலைக் கண்டுதான். அந்தக் கதை தனியே சொல்லவேண்டியது. பிறகு செம்பனை வந்தது. 1970களிலும் 1980களிலும் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக் குலையை வெட்ட நீண்ட கழியில் கட்டிய அரிவாள் வேண்டும், இளமரத்துக்குப் பாரை போன்ற உளி வேண்டும். பால்வெட்டுக் கத்திக்கு வேலை போயிற்று. தோட்டத்து மக்களும் ஈப்போ, பினாங்கு, கிள்ளான் என்று பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். லயத்தைக் காலி செய்யும்போது சாமிப்படம், அம்மி, பாக்குவெட்டி, தையல் மெஷின் வண்டியேறின. கத்தி கூரையில் செருகியபடியே நின்றது, அல்லது பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போயிற்று. இன்று மலேசியாவில் ரப்பர் வெட்டு நடப்பது பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்களின் நிலத்தில்.

பாக்குவெட்டியைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மயில் உருவம், கிளி உருவம் போட்ட நம் பாக்குவெட்டிகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள், பெரிய அரும்பொருளகங்களில்கூட வைத்திருக்கிறார்கள். அழகு இருந்தால் பெயர் இல்லாவிட்டாலும் விலை உண்டு. பால்வெட்டுக் கத்திக்கு அழகும் இல்லை. துரு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மரப்பிடி, தேய்ந்து ஒடுங்கிய இரும்பு. சேர்ப்பவர் கண்ணில் அது ‘தேய்ந்துபோன சரக்கு’. உண்மையில் அதன் செய்தியே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது.

தேய்ந்ததைப் படிப்பது

மடக்குக் கத்தி வாங்குகிறவர் தேயாததைத் தேடுவார். பால்வெட்டுக் கத்தியைப் படிக்க விரும்புகிறவர் தேய்ந்ததைத்தான் தேடவேண்டும். பிடியில் கட்டைவிரல் அழுந்திய இடம் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அளவு பிடித்த கையின் அளவைச் சொல்லும். பட்டை வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து வரும். பால் நாளங்களின் சாய்வுக்கு ஏற்ற கோடு அதுதான். இடக்கைக்காரர் என்பதற்காக மரம் தன் சாய்வை மாற்றிக்கொள்ளாது. ஆகவே அவரும் அதே கோட்டில்தான் வெட்டிப் பழகவேண்டியிருந்தது, குழி மட்டும் பிடியின் மறுபக்கத்தில் விழும். மூலையின் இரு ஓரங்களும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் தீட்டத் தெரிந்த கை. ஒரு ஓரம் மட்டும் தின்றுபோயிருந்தால் புதுக்கை, அல்லது அவசரக்கை. அலகின் அடிப்பகுதியைத் தீட்டுவதில்லை என்பதால் அங்கே ஏதாவது முத்திரை குத்தியிருந்தால் அது தப்பியிருக்கும். துருவைச் சுரண்டாமல், எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்துப் பார்க்கலாம். முத்திரை இல்லாவிட்டால் அது உள்ளூர்ப் பட்டறைச் சரக்காகவும் இருக்கலாம். ஈயத்தை நம்பி வளர்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் சீனர்களின் கொல்லுப்பட்டறைகளுக்குக் குறைவில்லை.

பிடியைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது. பழைய பிடி உடைந்துபோய்க் கிடைத்த மரத்தில் புதிதாகச் செதுக்கிப் போட்டுக்கொண்டது, பிடியில் துணியோ ரப்பர் குழாயோ சுற்றியது, சூடுகோலால் ஒரு புள்ளியோ கோடோ வைத்தது எதுவானாலும் அதை அழுக்கு என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வரிசையாகக் கத்திகள் செருகியிருக்கும் இடத்தில் தன் கத்தி எது என்று எழுதத் தெரியாத ஒருவர் கண்டுகொள்ள வைத்த அடையாளமாக அது இருக்கலாம். ஷெஃபீல்டுக்காரருக்கு நட்சத்திரமும் சிலுவையும் என்றால் இவருக்கு அந்தப் புள்ளி.

வைத்துக் காப்பதில் சில செய்திகள். நம் நாட்டு ஈரக்காற்றுக்குத் தோல் உறை எதிரி. உறைக்குள்ளேயே வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடித்துப் பிசுக்காகும், தையல் மெஷின் எண்ணெய் நல்லது. பழைய மடக்குக் கத்திகளில் ஆமையோடு போல் மினுங்கும் செல்லுலாயிட் பிடி இருந்தால் அதைத் தனியே வைக்கவேண்டும். அது சிதையும்போது வெளிவரும் ஆவி பக்கத்தில் உள்ள கத்திகளையும் அரித்துவிடும். இன்னொன்று, எவ்வளவு பழையதாக இருந்தாலும் கத்தி கத்திதான். தகுந்த காரணமில்லாமல் ஆபத்தான ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சந்தையில் வாங்கியதைத் துணியில் சுற்றிக் கட்டி நேராக வீட்டுக்குக் கொண்டு போகவேண்டுமே தவிர, இடுப்பில் செருகிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போகக்கூடாது.

வீட்டில் ஒரு பால்வெட்டுக் கத்தி இருக்கிறவர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. ஒரு சிறு அட்டையில் யாருடைய கத்தி, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, நாளைக்கு எத்தனை மரம், கத்தியைத் தோட்டம் கொடுத்ததா கடையில் வாங்கியதா என்பதை எழுதிப் பிடியில் கட்டி வைக்கலாம். தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயர் மிகவும் முக்கியம். ஆங்கிலப் பெயர் நில அலுவலகத்தில் கிடைக்கும். நம் மக்கள் கூப்பிட்ட பெயர் வேறு எங்கும் கிடைக்காது.

பாட்டியிடமோ தாத்தாவிடமோ இதைக் கேட்கும்போது வெறும் வாயால் கேட்டால் ‘அதெல்லாம் என்னத்துக்கு இப்ப’ என்றுதான் பதில் வரும். கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கவேண்டும். விரல்கள் தாமாகவே போய்ப் பிடியில் உட்காரும், கட்டைவிரல் அந்தக் குழியைத் தேடும், மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும். கூரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது இழுவைக் கத்தியா தள்ளும் உளியா, தீட்டி எத்தனை நாளாயிற்று, யார் தீட்டிக் கெடுத்தது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். அப்போது பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கவேண்டும்.